ஹங்கேரி: வரி, பட்ஜெட் என்றால் நீதிமன்றம் வாய் திறக்கக் கூடாதா?

கரிசல் எழுதியது:

ஹங்கேரியில் நீதித்துறை எப்படி அரசின் கைக்குள் போனது என்று யார் எழுதினாலும், நீதிபதிகளின் ஓய்வு வயதைக் குறைத்த கதையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்கு ஓராண்டு முன்பே முதல் அடி விழுந்துவிட்டது. விழுந்த இடம் வரி. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2010 ஏப்ரல் தேர்தலில் விக்டர் ஓர்பானின் ஃபிடெஸ் கூட்டணிக்குக் கிடைத்த ஓட்டு 53 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. இடங்களோ 386-இல் 263. அரசியலமைப்பைத் தனியாகவே திருத்தும் பலம் அது. நாடு 2008 அக்டோபரில் சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.), ஐரோப்பிய ஒன்றியம், உலக வங்கி மூன்றிடமும் சேர்த்து 2,000 கோடி யூரோ கடன் ஏற்பாடு செய்துகொண்டு மூச்சு விட்ட நேரம். மக்களிடம் ஆத்திரம் கனன்றுகொண்டிருந்தது. புடாபெஸ்ட் நகரப் போக்குவரத்து நிறுவனத்தில் மேலதிகாரிகள் வேலையை விட்டுப் போகும்போது கோடிக்கணக்கில் ஃபோரின்ட் வாங்கிக்கொண்டு போன செய்தி ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. புது அரசு அந்த ஆத்திரத்தைச் சட்டமாக்கியது. பொதுத்துறையில் பணிவிலகல் தொகை 20 லட்சம் ஃபோரின்ட்டுக்கு மேல் போனால், மேலே போன பணத்துக்கு 98 விழுக்காடு வரி. அதுவும் அந்த ஆண்டு ஜனவரி 1-இலிருந்தே, முன்தேதியிட்டு.

கேட்டதும் கைதட்டத் தோன்றும். ஆனால் 20 லட்சம் ஃபோரின்ட் என்பது அன்றைய மதிப்பில் 7,000 யூரோ சொச்சம்தான். முப்பது வருடம் அரசு வேலை பார்த்து வெளியேறும் சாதாரண ஊழியருக்குச் சட்டப்படி வரவேண்டிய பணமே அதைத் தாண்டிவிடும்.

அக்டோபர் 26-ஆம் தேதி அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த வரியை ரத்து செய்தது. அன்றைக்கே ஃபிடெஸ் நாடாளுமன்றக் குழுத் தலைவர் யானோஷ் லாசார், நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் குறைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். நவம்பர் 16-ஆம் தேதி அது நிறைவேறிவிட்டது. மூன்று வாரம்! அன்றிலிருந்து பட்ஜெட், வரி, சுங்கம் போன்ற சட்டங்களை நீதிமன்றம் ஆராய வேண்டுமானால் நான்கே வாசல்கள்: உயிரும் மனித மாண்பும், தனிநபர் தகவல் பாதுகாப்பு, சிந்தனை-மனச்சாட்சி-மதச் சுதந்திரம், குடியுரிமை சார்ந்த உரிமைகள். சொத்துரிமை அந்தப் பட்டியலில் இல்லை. சமத்துவம் இல்லை. வரிச் சட்டத்தை எதிர்க்கிறவர் வழக்கமாக எதைச் சொல்லி நீதிமன்றப் படியேறுவாரோ அது எதுவுமே இல்லை. ரத்தான வரியும் கையோடு திரும்பி வந்தது. இம்முறை 2005 வரை பின்னோக்கிப் போய்.

வழக்கில் தோற்றவர் தீர்ப்பை ஏற்கவில்லை. தீர்ப்பெழுதிய கையைக் கட்டிவிட்டார். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வந்தவை என்பதே என் எண்ணம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

---

வரவுசெலவு எழுதியது:

நல்ல பதிவு, கரிசல். ஆனால் 1995-ஐ விட்டுவிட்டு 2010-ஐப் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

1994-இல் ஹங்கேரியின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 9 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. மெக்சிகோ அந்த ஆண்டுக் கடைசியில் கவிழ்ந்த பிறகு, அடுத்து ஹங்கேரிதான் என்று கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஆட்சியில் ஜூலா ஹோர்ன், பழைய கம்யூனிஸ்டுக் கட்சியின் வாரிசான சோஷலிஸ்டுக் கட்சி. அவருடைய நிதியமைச்சர் லயோஷ் பொக்ரோஷ் 1995 மார்ச் 12-ஆம் தேதி ஒரு கட்டு நடவடிக்கைகளை அறிவித்தார். ஃபோரின்ட் மதிப்பில் 9 விழுக்காடு வெட்டு, இறக்குமதிக்கு 8 விழுக்காடு கூடுதல் வரி, பல்கலைக்கழகத்தில் கட்டணம், குழந்தைகளுக்கான குடும்ப உதவித்தொகை இனி எல்லோருக்கும் கிடையாது, வருமானம் பார்த்துத்தான். கசப்பு மருந்துதான். அதை யாராவது கொடுத்தாக வேண்டியிருந்தது.

ஜூலை 1 அமலுக்கு வர வேண்டிய சட்டம். ஜூன் 30-ஆம் தேதி அரசியலமைப்பு நீதிமன்றம் அதில் முக்கியமான பகுதிகளை அடித்துவிட்டது. முந்தின நாள்! எந்தத் தேர்தலிலும் நிற்காத பதினோரு பேருக்கு மிகாத ஒரு சபை, நாட்டின் நிதிநிலையைக் கையில் எடுத்துக்கொண்டது. பற்றாக்குறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நிதியமைச்சர். நீதிமன்றம் யாருக்குப் பதில் சொல்லும்? பொக்ரோஷ் அடுத்த பிப்ரவரியில் பதவியை விட்டுப் போய்விட்டார்.

ஃபிடெஸ் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. பொருளாதாரத்தில் நீதிமன்றம் எதுவரை போகலாம் என்ற கேள்வியை ஓர்பான் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

---

புதியவன் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அரசியலமைப்பு நீதிமன்றம் வேறு, உச்ச நீதிமன்றம் வேறா? நம்மூரில் இரண்டும் ஒன்றுதானே, அதனால் குழப்பமாக இருக்கிறது.

---

நூலகவாசி எழுதியது:

ஆமாம் புதியவன், இரண்டும் தனித்தனி. சாதாரண வழக்குகள் கீழ் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போகும். 2012-இலிருந்து அதன் பெயர் கூரியா. ஒரு சட்டம் அரசியலமைப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது மட்டும் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் வேலை. அதன் நீதிபதிகளை நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் தேர்ந்தெடுக்கும்.

இந்த நீதிமன்றமே 1989-இன் குழந்தை. அந்தக் கோடையில் ஆளுங்கட்சியும் எதிர்ப்பாளர்களும் வட்டமேசையில் உட்கார்ந்து பேசியபோது, நாளை யார் கையில் ஆட்சி போகும் என்று இரு தரப்புக்கும் தெரியாது. யார் வந்தாலும் மற்றவரை மிதிக்காமல் இருக்க நடுவில் ஒருவர் வேண்டும் என்று இரு தரப்புமே நினைத்தன. 1990 ஜனவரி 1 முதல் அது வேலையைத் தொடங்கியது. முதல் தலைவர் லாஸ்லோ ஷோயோம், பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனவர். முதல் ஆண்டிலேயே மரண தண்டனையை ஒழித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. எந்தக் குடிமகனும், தனக்கு நேரடிப் பாதிப்பு இல்லாவிட்டாலும், எந்தச் சட்டத்தையும் எதிர்த்து அங்கே மனு போடலாம். சர்வாதிகாரத்தில் நாற்பது ஆண்டு வாய்மூடி இருந்த மக்களுக்கு அது எத்தனை பெரிய கதவு! 2012-இல் அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள்.

வரவுசெலவு அவர்களுக்கு:

//முக்கியமான பகுதிகளை அடித்துவிட்டது//

தேதியும் நிகழ்வும் சரி. காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும். உதவித்தொகையைக் குறைக்கவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. வருமானம் பார்த்துக் கொடுப்பது தப்பு என்றும் சொல்லவில்லை. ஏற்கெனவே கருவுற்றிருக்கும் பெண், ஏற்கெனவே குழந்தை பெற்ற குடும்பம், அன்றைய சட்டத்தை நம்பி ஒரு முடிவு எடுத்தவர்கள். ஒரே மாதத்தில் அந்த உதவியைப் பிடுங்காதே, புது ஏற்பாட்டுக்குத் தயாராக நேரம் கொடு என்றார்கள். அரசு கொடுத்த வாக்கை நம்பி வாழ்வை அமைத்துக்கொண்டவரை ஏமாற்றக் கூடாது என்பதுதான் தீர்ப்பின் உயிர். சேமிப்பின் ஒரு பகுதி தள்ளிப்போனது. ஃபோரின்ட் மதிப்புக் குறைப்பையும் இறக்குமதி வரியையும் அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை. பொருளாதாரம் நிமிர்ந்தது பெரும்பாலும் அவற்றால்தான்.

அதைவிட முக்கியமாக, ஹோர்ன் அரசிடமும் கூட்டணியாக மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடங்கள் இருந்தன. நினைத்திருந்தால் அவர்களும் நீதிமன்றத்தின் சிறகை வெட்டியிருக்கலாம். திட்டித் தீர்த்தார்கள், பிறகு சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். பழைய கம்யூனிஸ்டுகள் தீர்ப்புக்குத் தலைவணங்கினார்கள். அவர்களை எதிர்த்து 1988-இல் மாணவர் அமைப்பாகப் பிறந்த ஃபிடெஸ்தான் வணங்க மறுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

---

தனூப்கரை எழுதியது:

நான் 2009 முதல் எட்டு வருடம் புடாபெஸ்டில் இருந்தவள். சட்டம் படித்தவள் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்த 98 விழுக்காடு வரி வந்தபோது என்னோடு வேலை பார்த்த ஹங்கேரியர்கள் பெரும்பாலோர் சந்தோஷப்பட்டார்கள். "கொள்ளையடித்தவனிடமிருந்து பிடுங்குகிறார்கள், இதில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை" என்பதே தேநீர் நேரப் பேச்சு. நீதிமன்றத்தின் அதிகாரத்தை வெட்டியது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

உறைத்தது ஓய்வூதியத்தில். அங்கே 1998-இலிருந்து சம்பளத்தில் ஒரு பங்கு தனியார் ஓய்வூதிய நிதிக்குப் போகும். அவரவர் பெயரில் அவரவர் கணக்கு. ஏறக்குறைய 30 லட்சம் பேருக்கு அப்படி இருந்தது. 2010 கடைசியில் அரசு சொன்னது: எல்லோரும் அரசுத் திட்டத்துக்குத் திரும்பலாம். திரும்ப விரும்பாதவர் 2011 ஜனவரி 31-க்குள் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும், அப்படிக் கொடுத்தால் இனிமேல் அரசு ஓய்வூதிய உரிமை சேராது என்று. என் அலுவலகத்தில் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், கையில் அந்தப் படிவத்தோடு இரண்டு நாள் அழுதுகொண்டிருந்தாள். கடைசியில் எழுதிக் கொடுக்கவில்லை. கிட்டத்தட்ட எல்லோருமே அப்படித்தான். மிஞ்சி நின்றவர் ஒரு லட்சம் பேர். 3 லட்சம் கோடி ஃபோரின்ட் போல, நாட்டு உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு, அரசு கைக்குப் போனது.

"நீதிமன்றத்துக்குப் போகலாமே" என்று நான் கேட்டேன். "எந்த நீதிமன்றத்துக்கு?" என்று திருப்பிக் கேட்டாள். அப்போதுதான் நவம்பரில் நடந்தது என்ன என்று எனக்குப் புரிந்தது.

---

வரவுசெலவு எழுதியது:

தனூப்கரை அக்கா, அந்தப் பெண்ணின் நிலை வருத்தமாக இருக்கிறது. அந்த மிரட்டலை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஓய்வூதிய நிதி வழக்கு ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2013 ஜனவரியில் விசாரணைக்கே ஏற்கப்படாமல் தள்ளுபடி ஆனது. சொத்து பறிபோகவில்லை, அது இன்னொரு ஓய்வூதிய உரிமையாக மாறியது என்பதுதான் அவர்கள் பார்வை. உள்நாட்டு நீதிமன்றத்தின் கை கட்டப்படாமல் இருந்திருந்தாலும் அதே முடிவு வந்திருக்கலாம்.

இன்னொன்றும் நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்களே, சுவிஸ் பிராங்க் வீட்டுக்கடன்! 2014-இல் அதே அரசு செய்ததை எப்படிப் பார்க்கிறீர்கள்?

---

தனூப்கரை எழுதியது:

நல்லது நடந்தது, தம்பி. அதை மறைக்க மாட்டேன்.

நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருடைய மகன் 2008-இல் ஒரு வங்கியில் பிராங்கில் கடன் வாங்கியவர். வாங்கும்போது ஒரு பிராங்க் 160 ஃபோரின்ட்டுக்கும் குறைவு. சில வருடத்தில் 240-ஐத் தாண்டிவிட்டது. கட்டக் கட்டக் கடன் ஏறிக்கொண்டே போனது. 2014 ஏப்ரலில் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஹங்கேரியத் தம்பதியின் வழக்கொன்றில், இப்படிப்பட்ட ஒப்பந்த விதிகள் நியாயமா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்றது. ஜூனில் கூரியா ஒரு பொதுத் தீர்ப்புக் கொடுத்தது. ஜூலையில் சட்டம். நவம்பரில் பிராங்க் கடனையெல்லாம் 256 ஃபோரின்ட் சொச்சம் என்ற விலையில் ஃபோரின்ட்டுக்கு மாற்ற முடிவு செய்தார்கள். அடுத்த ஜனவரி 15-ஆம் தேதி சுவிஸ் மத்திய வங்கி, பிராங்க் ஏறாமல் வைத்திருந்த பிடியை விட்டதும் பிராங்க் 300-க்கு மேல் தாவியது. அன்று இரவு வீட்டுச் சொந்தக்காரர் மேலே வந்து என் கதவைத் தட்டி, கையில் ஒரு பாட்டில் பாலிங்காவோடு நின்றார். பையன் தப்பித்துவிட்டான் என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

---

நூலகவாசி எழுதியது:

அக்கா சொன்ன வரிசையைக் கவனியுங்கள். லக்சம்பர்க், கூரியா, பிறகு சட்டம். நீதிமன்றம் வழி காட்டிய பிறகு அரசு நடந்தது. அதனால்தான் அது நிலைத்தது. (வங்கிகள் வழக்குப் போட மிகக் குறுகிய கெடு கொடுத்தது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.)

98 விழுக்காடு வரியும் ஸ்ட்ராஸ்பூர்க் போனது. ஓர் அமைச்சகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்து, 2011-இல் வெளியே அனுப்பப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கு. அவருக்குச் சட்டப்படி எட்டு மாதச் சம்பளம் வரவேண்டும். மொத்தமாகப் பார்த்தால் அந்தத் தொகையில் 52 விழுக்காடு வரியாகப் போய்விட்டது. 2013 மே 14-ஆம் தேதி தீர்ப்பு: சொத்துரிமை மீறல். அளவுக்கு மீறிய சுமையைத் தனி ஒருவர் தோளில் ஏற்றியிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். கோடி வாங்கிய அதிகாரிக்காகப் போட்ட வலையில் யார் சிக்கினார் பாருங்கள்.

கரிசல் ஒன்றை விட்டுவிட்டார். கை கட்டப்பட்ட பிறகும் அரசியலமைப்பு நீதிமன்றம் 2011 மே மாதம் அந்த வரியின் ஐந்தாண்டு முன்தேதியை ரத்து செய்தது. எந்த வாசல் வழியாக? மனித மாண்பு! முடிந்துபோன ஆண்டுகளில் சட்டப்படி வாங்கிச் செலவழித்த பணத்தை இன்று திரும்பக் கேட்பது மனிதனின் மாண்பைக் குலைக்கும் என்றார்கள். மிச்சமிருந்த நான்கு வாசலில் ஒன்றை அத்தனை அகலமாகத் திறந்து பார்த்த அந்த நீதிபதிகளை நான் மிகவும் மதிக்கிறேன்.

---

கரிசல் எழுதியது:

நன்றி நூலகவாசி, அதைச் சேர்த்திருக்க வேண்டும். ஆனால் அந்த நீதிபதிகள் எத்தனை காலம் அங்கே இருந்தார்கள்? வேட்பாளரை முன்மொழியும் குழுவில் முன்பு எல்லாக் கட்சிக்கும் சம இடம். 2010 கோடையிலேயே அதைக் கட்சி பலத்துக்கு ஏற்ப மாற்றியாயிற்று. அடுத்து நீதிமன்றத்தை 11-இலிருந்து 15 ஆக்கினார்கள். 2013-க்குள் பெரும்பான்மை நீதிபதிகள் ஃபிடெஸ் ஓட்டில் வந்தவர்கள்.

சாதாரண நீதிமன்றங்களில் ஓய்வு வயது 70-இலிருந்து 62. ஏறக்குறைய 270 நீதிபதிகள் வெளியேற வேண்டிவந்தது. வயதில் மூத்தவர்கள் என்பதால் நீதிமன்றத் தலைமைப் பதவிகளில் பலர் இவர்களே. 2012 ஜூலையில் உள்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமும், நவம்பர் 6-ஆம் தேதி லக்சம்பர்க்கும் அது தப்பு என்றன. அதற்குள் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. காலியாக இருந்தால்தான் தலைமைப் பதவி திரும்பக் கிடைக்கும் என்றது அடுத்த சட்டம். பலர் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தீர்ப்பில் ஜெயித்தும் பதவி போனது போனதுதான்.

உச்ச நீதிமன்றத் தலைவர் ஆண்ட்ராஷ் பாகா கதை இன்னும் வேதனை. 17 ஆண்டு ஸ்ட்ராஸ்பூர்கில் நீதிபதியாக இருந்தவர். இந்த மாற்றங்களை வெளிப்படையாக விமர்சித்தார். உச்ச நீதிமன்றம் கூரியா ஆனபோது, அதன் தலைவருக்கு ஹங்கேரியில் ஐந்தாண்டு நீதிபதி அனுபவம் வேண்டும் என்று விதி வந்தது. ஸ்ட்ராஸ்பூர்க் ஆண்டுகள் கணக்கில் வராது. ஆறாண்டுப் பதவியில் மூன்றரை ஆண்டு மிச்சம் இருக்கும்போதே 2012 ஜனவரி 1-ஆம் தேதி வெளியே. 2016 ஜூனில் அவர் முன்பு உட்கார்ந்திருந்த அதே ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் அவருக்கு நியாயம் வழங்கியது. பதவியைத் திருப்பித் தர அதனால் முடியவில்லை.

---

வரவுசெலவு எழுதியது:

பாகா விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. அது பழிவாங்கல்.

ஆனால் நீதித்துறையைக் காக்கிறோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் பணத்தை நிறுத்தியதே, அதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. 2022 டிசம்பரில் 630 கோடி யூரோ முடக்கம். அதற்கு மேல் மற்ற நிதிகளும் நீதித்துறைச் சீர்திருத்தத்தோடு கட்டப்பட்டன. 2023 மே மாதம் ஹங்கேரி சட்டத்தைத் திருத்தி, நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் தேசிய நீதித்துறைக் குழுவுக்குப் பல்லும் நகமும் கொடுத்தது. டிசம்பர் 13-ஆம் தேதி 1,020 கோடி யூரோவுக்கு வழி திறந்தது, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம். மறுநாள் உக்ரைன் சேர்க்கைப் பேச்சு பற்றி உச்சி மாநாட்டில் முடிவெடுக்கும் நேரத்தில் ஓர்பான் அதைத் தடுக்காமல் அறையை விட்டு வெளியே போய் நின்றார். சட்டம் மாறியதற்காகத் திறந்ததா, ஓட்டுக்காகத் திறந்ததா? ஐரோப்பிய நாடாளுமன்றமே சந்தேகப்பட்டு ஆணையத்தின் மேல் வழக்குப் போட்டது. நீதியின் சுதந்திரத்தைப் பண்டமாற்றுச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள்.

---

தனூப்கரை எழுதியது:

பணத்தைப் பற்றிப் பேசுவதால் ஒன்று. 2024 நவம்பரில் நீதிபதிகளின் சம்பள உயர்வையும் நீதித்துறை மாற்றங்களையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டினார்கள். சம்பளம் வேண்டுமானால் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடு என்ற தோரணை. ஒப்பந்தத்தில் நீதித்துறைக் குழுவே கையெழுத்திட்டது நீதிபதிகளுக்குப் பெரிய அதிர்ச்சி. 2025 பிப்ரவரி 22-ஆம் தேதி அவர்கள் புடாபெஸ்ட் தெருவில் இறங்கிவிட்டார்கள். தெருவில் இறங்கவே கூடாது என்று பழகியவர்கள் அவர்கள். அலுவலகத் தோழி அன்று கூட்டத்திலிருந்து எனக்குப் படம் அனுப்பினாள். படிவத்தோடு அழுதாளே, அவள்தான்.

---

கரிசல் எழுதியது:

அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்சத் தோன்றவில்லை.

வரவுசெலவு, உங்கள் முதல் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. நீதிமன்றம் பட்ஜெட் எழுதக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2010 திருத்தம் அந்த எல்லையைப் போடவில்லை. அது போட்டது என்ன என்பதை 2012-இல் அமலுக்கு வந்த புதிய அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவில் பாருங்கள். நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் பாதிக்கு மேல் இருக்கும்வரை இந்தக் கட்டு நீடிக்கும். அன்று கடன் 80 விழுக்காடு. நல்ல காலமான 2019-இல்கூட 65-ஐ ஒட்டியே இருந்தது. 2024-இல் 73 விழுக்காட்டுக்கு மேல். ஆக, அரசு அதிகமாகக் கடன் வாங்க வாங்க, அதன் வரிச் சட்டத்தைக் குடிமகன் கேள்வி கேட்க முடியாத காலமும் நீண்டுகொண்டே போகும். கடனாளி தன் கடனையே கேடயமாக வைத்துக்கொள்கிறார்.

---

வரவுசெலவு எழுதியது:

அந்தப் பிரிவை நெருக்கடிக்கால ஏற்பாடாகத்தான் நான் புரிந்துகொண்டிருந்தேன். கடன் பாதிக்குக் கீழே வந்தால் நீதிமன்றத்துக்கு அதிகாரம் திரும்பிவிடும், அப்போது பழைய சட்டங்களையும் எடுத்துப் பார்க்கலாம், இல்லையா?

---

நூலகவாசி எழுதியது:

இல்லை. 2013 மார்ச்சில் நான்காம் திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. கடன் பாதிக்கு மேல் இருந்த காலத்தில் இயற்றப்பட்ட வரி, பட்ஜெட் சட்டங்களுக்கு, கடன் குறைந்த பிறகும் அதே நான்கு வாசல்தான். அதே திருத்தத்தில், 2012-க்கு முந்தைய அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புகள் இனி செல்லாது என்றும் எழுதினார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் 1995 ஜூன் 30 தீர்ப்பும் அதில் அடக்கம்.

---

வரவுசெலவு எழுதியது:

இது எனக்குத் தெரியாது. 1995 பற்றி என் கருத்து அப்படியே இருக்கிறது, நேரம் கொடு என்று சொல்வதும் நெருக்கடியில் பெரிய தலையீடுதான். ஆனால் 37-ஆவது பிரிவுக்காக நான் இதுவரை சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த நான்காம் திருத்தத்தை முழுதாகப் படித்துவிட்டு வருகிறேன். இழையைப் பூட்டிவிட வேண்டாம்.